உவாரொவின் கல்வித் திட்டம்: ஜார் அரசு தன் பல்கலைக்கழகங்களைக் கண்டு அஞ்சியது ஏன்?

‘ஆர்த்தடாக்ஸ் சமயம், எதேச்சாதிகாரம், தேசியத் தன்மை’ என்ற மூன்று சொற்களை ரஷ்ய ஜார் அரசு பள்ளிக்கூடங்கள் வழியாகப் பரப்பியதாகப் படித்ததாகவும், அப்படியானால் அந்த அரசு கல்வியை வளர்த்ததா அல்லது ஒடுக்கியதா என்று தெரியவில்லை என்றும் கேட்டிருக்கிறீர்கள். இரண்டையுமே செய்தது என்பதுதான் விடை. அதிலும் பெரும்பகுதி ஒரே அமைச்சரின் கையாலேயே நடந்தது. இதைப் புரிந்துகொள்ள முதலாம் நிக்கலாயின் ஆட்சிக்காலத்தையும் (1825–1855), அதில் 1833 முதல் 1849 வரை கல்வி அமைச்சராக இருந்த செர்கேய் உவாரொவ் என்ற மனிதரையும் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும்.

நிக்கலாய் அரியணை ஏறிய அன்றே அவருக்கு எதிராகக் கிளர்ச்சி வெடித்தது. பழைய ரஷ்ய நாட்காட்டியின்படி 1825 டிசம்பர் 14 அன்று பீட்டர்ஸ்பர்க் செனட் சதுக்கத்தில் ஏறத்தாழ மூவாயிரம் படைவீரர்கள் அவருக்கு விசுவாச உறுதிமொழி எடுக்க மறுத்து அணிவகுத்து நின்றனர். அவர்களை அழைத்து வந்தவர்கள் ஏழைகளோ குடியானவர்களோ அல்லர். நல்ல கல்வி கற்ற பிரபுக் குடும்பத்து அதிகாரிகள், அவர்களில் பலர் நெப்போலியனை விரட்டிக்கொண்டு பாரிஸ் வரை சென்று வந்தவர்கள். ஐவர் தூக்கிலிடப்பட்டனர்; நூற்றுக்கும் மேற்பட்டோர் சைபீரியாவுக்கு அனுப்பப்பட்டனர். தண்டனை நிறைவேறிய 1826 ஜூலை 13 அன்று வெளியான பேரறிக்கை, இந்தத் துணிச்சலுக்குக் காரணம் அறிவொளி அன்று, மனத்தின் சோம்பலும் அரைகுறைப் படிப்புமே என்று சொல்லி, பிள்ளைகளின் ஒழுக்கப் பயிற்சியில் கவனம் வைக்குமாறு பெற்றோருக்கு அறிவுறுத்தியது. அதே ஆண்டின் இறுதியில் கவிஞர் புஷ்கினிடம் பொதுக்கல்வி பற்றிய கருத்தை எழுதித் தருமாறு பேரரசர் கேட்டார். புஷ்கின் கல்வியைப் போற்றி எழுதிய குறிப்புக்கு, ரகசியக் காவல் துறையான மூன்றாம் பிரிவின் தலைவர் பெங்கெண்டோர்ஃப் வழியாக வந்த மறுமொழி, அனுபவமற்ற, ஒழுக்கமற்ற, பயனற்ற கல்வியைவிட ஒழுக்கமும் ஊக்கமான சேவையும் பற்றுமே மேலானவை என்பதாக இருந்தது. அந்த ஆட்சி கல்வியை எந்தக் கண்ணோடு பார்த்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

முதலில் வந்தவை கதவடைப்புகள். நிக்கலாயின் அண்ணன் முதலாம் அலெக்சாந்தர் 1804-இல் வகுத்த அமைப்பில் திருச்சபை வட்டப் பள்ளி, மாவட்டப் பள்ளி, ஜிம்னாசியம் (பல்கலைக்கழகத்துக்கு ஆயத்தம் செய்யும் உயர்நிலைப் பள்ளி), பல்கலைக்கழகம் ஆகிய நான்கும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும் படிகளாக இருந்தன; கீழ்ப்படியில் தொடங்கும் மாணவன் கோட்பாட்டளவிலாவது மேல்படி வரை போகலாம். 1827 ஆகஸ்ட் மாத ஆணை, நிலப்பிரபுக்களின் பண்ணையடிமைகளை ஜிம்னாசியத்திலும் பல்கலைக்கழகத்திலும் சேர்க்கக் கூடாது என்றது. தன் நிலைக்குப் பொருந்தாத கல்வியைப் பெறுபவனுக்குத் தன் வாழ்க்கையே சுமையாகி, தீய கனவுகளில் விழுந்துவிடுவான் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். 1828-இல் வந்த பள்ளிச் சட்டம் படிகளைத் தனித்தனி அறைகளாக்கியது: கீழ்நிலை மக்களுக்கு வட்டப் பள்ளி, வணிகர்க்கும் கைவினைஞர்க்கும் மாவட்டப் பள்ளி, பிரபுக்களுக்கும் அரசு அலுவலர்க்கும் ஜிம்னாசியம். கீழ் வகுப்புகளில் பிரம்படியும் சட்டபூர்வமாகத் திரும்பியது. 1831-இல் பத்து முதல் பதினெட்டு வயது வரையுள்ள பிள்ளைகளை வெளிநாட்டில் படிக்க வைப்பதற்குத் தடை வந்தது. 1834-இல் வீட்டில் பாடம் சொல்லித் தரும் ஆசிரியர்களும் அரசின் சான்று பெற வேண்டும் என்று விதிக்கப்பட்டது.

உவாரொவ் இந்தச் சூழலுக்குள் வந்தவர். ஆனால் இதனால் உருவானவர் அல்லர். 1786-இல் பிறந்த அவருக்குப் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் ஆசிரியராக இருந்தார். கிரேக்கப் பண்பாட்டில் ஆழ்ந்த புலமை உடையவர். ஜெர்மன் கவிஞர் கெதேயுடன் கடிதத் தொடர்பு வைத்திருந்தார். 1810-இலேயே, பீட்டர்ஸ்பர்க்கில் ஆசிய மொழிகளுக்கென ஒரு கழகம் வேண்டும், அதில் சமஸ்கிருதமும் கற்பிக்கப்பட வேண்டும் என்று திட்டம் எழுதியவர். தலைநகரக் கல்வி வட்டாரத்தின் பொறுப்பாளராக, அதாவது அப்பகுதியின் கல்வி நிலையங்களை மேற்பார்க்கும் அதிகாரியாக, இருந்தபோது 1819-இல் பீட்டர்ஸ்பர்க் பல்கலைக்கழகம் உருவாவதில் பெரும் பங்கு வகித்தார். அதற்கு முந்தைய ஆண்டு ஆற்றிய உரையில், அரசியல் சுதந்திரத்தைக் கடவுளின் கடைசியான, மிக அழகான கொடை என்று புகழ்ந்தவரும் அவரே. 1821-இல் ரூனிச் என்ற அதிகாரி, சமய விரோதம் என்று குற்றம் சாட்டி அந்தப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் நால்வரை விசாரணைக்கு இழுத்தபோது அதை எதிர்த்தவர்களில் உவாரொவும் ஒருவர். அந்த ஆண்டே அவர் பதவியிலிருந்து விலகினார். பின்னாளில் எதேச்சாதிகாரத்தின் கல்விக் கொள்கையை வகுத்தவரின் முற்பகுதி வாழ்க்கை இது.

இடையில் ஐரோப்பாவில் நிலைமை மாறியது. 1830 ஜூலையில் பிரான்சில் மன்னர் கவிழ்ந்தார்; நவம்பரில் ரஷ்யப் பேரரசுக்கு உட்பட்ட போலந்தில் கிளர்ச்சி எழுந்தது. 1832-இல் துணை அமைச்சராகத் திரும்பிய உவாரொவ் மாஸ்கோ பல்கலைக்கழகத்தை ஆய்வு செய்து, டிசம்பரில் பேரரசருக்குச் சமர்ப்பித்த அறிக்கையில் அந்த மூன்று கொள்கைகளையும் முன்வைத்தார். 1833 மார்ச்சில் அமைச்சகப் பொறுப்பை ஏற்றதும் கல்வி வட்டாரங்களுக்கு அனுப்பிய சுற்றறிக்கையில், மக்கள் கல்வி இந்த மூன்றின் ஒன்றிணைந்த உணர்வில் நடைபெற வேண்டும் என்பதே நமது பொதுக் கடமை என்று அறிவித்தார். இவற்றுக்கான முதல் வரைவுகளை அவர் பிரெஞ்சு மொழியிலேயே எழுதினார் என்பது ஆவணக் காப்பகங்களிலிருந்து பின்னர் தெரியவந்தது.

மூன்றில் முதலிரண்டு புதியவை அல்ல. திருச்சபையும் ஜாரும் ரஷ்ய அரசின் அடித்தளம் என்று எவரும் சொல்லியிருப்பார்கள். மூன்றாவதுதான் புதிது, அதே சமயம் மிகவும் தெளிவற்றது. பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின் ஐரோப்பா முழுவதும் தேசம் என்ற கருத்து மன்னர்களுக்கு எதிரான ஆயுதமாகிவிட்டிருந்தது. அந்த ஆயுதத்தை எதிராளியின் கையிலிருந்து வாங்கி அரியணையின் பக்கம் திருப்ப உவாரொவ் முயன்றார்: ரஷ்ய மக்களின் தனித்தன்மையே ஜாரிடமும் திருச்சபையிடமும் கொண்ட பற்றில் இருக்கிறது என்றால், ஜாரை எதிர்ப்பவன் தன் மக்களுக்கே அந்நியன் ஆகிவிடுகிறான். கூர்மையான அரசியல் சிந்தனைதான் அது. ஆனால் அந்த மக்களில் 2 கோடிக்கும் மேற்பட்டோர் விலைக்கு விற்கப்படக்கூடிய பண்ணையடிமைகளாக இருந்தார்கள் என்ற உண்மையை இந்தக் கொள்கை தொடவே இல்லை. பண்ணையடிமை முறையை எதேச்சாதிகாரத்தோடு வேர் பின்னிய ஒன்றாகவே உவாரொவ் கருதினார். ஒன்றை அசைத்தால் மற்றொன்றும் ஆடும் என்று அஞ்சினார். அவருடைய கொள்கையின் மிகப் பெரிய பொய்மை இங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து.

இனி வகுப்பறைக்குள் வருவோம். மாஸ்கோ பேராயர் ஃபிலாரெத் எழுதி 1839-இல் இறுதி வடிவம் பெற்ற மறைக்கல்வி நூல் பள்ளிகளில் வினா விடையாகக் கற்பிக்கப்பட்டது. ‘உன் தாய் தந்தையரை மதித்து நட’ என்ற கட்டளைக்கு அது தரும் விளக்கத்தில், நமக்குப் பெற்றோரின் இடத்தில் இருப்பவர்கள் யார் என்று ஒரு வினா வருகிறது. விடைப் பட்டியலில் முதலிடம் பேரரசருக்கும் தாய்நாட்டுக்கும். அதற்குப் பிறகே ஆன்மிகக் குருமார்களும், நன்மை செய்தோரும், மேலதிகாரிகளும் வருகிறார்கள். பத்து வயதுப் பையன் இதை மனப்பாடமாக ஒப்பிக்கும்போது அரசியல் என்ற சொல்லே அவன் காதில் விழுவதில்லை. ஆனால் ஜாரை எதிர்ப்பது தந்தையை அடிப்பதற்குச் சமம் என்ற எண்ணம் வேரூன்றிவிடுகிறது. வரலாற்றுப் பாடத்திலும் இதே கவனம் இருந்தது. ஜிம்னாசியங்களுக்கென ஏற்கப்பட்ட பாடநூலை எழுதிய உஸ்த்ரியாலொவ், லித்துவேனியப் பகுதிகள் தொன்றுதொட்டே ரஷ்ய வரலாற்றின் பகுதி என்று நிறுவினார். நிக்கலாயின் ஆட்சியைப் பற்றி அவர் எழுதிய பகுதியைப் பேரரசரே தம் கையால் திருத்தினார்.

பல்கலைக்கழகங்களை 1835 சட்டம் மாற்றியமைத்தது. தமக்கென நீதிமன்றம் நடத்தும் உரிமையைப் பல்கலைக்கழகங்கள் இழந்தன. வட்டாரப் பொறுப்பாளரின் அதிகாரம் கூடியது. ஆர்த்தடாக்ஸ் மாணவர் அனைவருக்கும் இறையியல் கட்டாயமாயிற்று. ரஷ்ய வரலாற்றுக்குத் தனிப் பேராசிரியர் பதவி உருவானது, மாஸ்கோவில் அதில் வரலாற்றாசிரியர் பகோதின் அமர்ந்தார். மாணவர்களைக் கண்காணிக்கப் படைத்துறையிலிருந்தோ குடிமைப் பணியிலிருந்தோ ஓர் ஆய்வாளர் நியமிக்கப்பட்டார். சீருடை, முடியின் நீளம், வணக்கம் செலுத்தும் முறை என எல்லாமே அவருடைய பார்வைக்குள் வந்தன. இவற்றோடு ஒரு முக்கியமான நிர்வாக உண்மையையும் நினைவில் கொள்ள வேண்டும்: அந்நாளில் நூல்களையும் இதழ்களையும் தணிக்கை செய்யும் துறையும் கல்வி அமைச்சகத்துக்குள்தான் இருந்தது. பள்ளிப் பாடத்தை முடிவு செய்த அதே மேசையில்தான், நாட்டில் எது அச்சாகலாம் என்பதும் முடிவாயிற்று. 1834-இல் பலெவோயின் ‘மாஸ்கோ டெலிகிராஃப்’ இதழை மூடவைத்ததும் உவாரொவ் திரட்டிய குற்றப்பட்டியல்தான்.

அந்த மேசையில் வேலை பார்த்த ஒருவரைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பதில் முழுமையாகாது. அலெக்சாந்தர் நிக்கிதேன்கோ, கோமான் ஷெரிமேத்யெவின் பண்ணையடிமையாகப் பிறந்தவர். வரோனெஷ் மாவட்டப் பள்ளியைச் சிறப்பாக முடித்தும், அடிமை என்பதால் ஜிம்னாசியத்தில் சேர முடியாமல் நின்றார். செல்வாக்குள்ளோர் பலர் தலையிட்ட பிறகு 1824-இல் அவருக்கு விடுதலை கிடைத்தது. அவருக்காக முயன்றவர்களில் ஒருவர், பின்னர் டிசம்பர் கிளர்ச்சிக்காகத் தூக்கிலிடப்பட்ட கவிஞர் ரிலேயெவ். பல்கலைக்கழகம் முடித்துப் பேராசிரியரானார். 1833 முதல் தணிக்கை அதிகாரியும் ஆனார். ஓர் அழகியைப் பற்றிய விக்தர் ஹ்யூகோவின் கவிதையின் மொழிபெயர்ப்பை அச்சிட அனுமதித்ததற்காக, திருச்சபைத் தலைவர் ஒருவரின் புகாரின்பேரில் 1834 டிசம்பரில் அவரை எட்டு நாள் காவலில் வைத்தார்கள். அவர் விடாமல் எழுதிவந்த நாட்குறிப்புதான், அந்தக் காலத்தின் மனநிலையை நமக்குக் காட்டும் மிகச் சிறந்த சாளரம். 1835-இல் உவாரொவ் தம்மிடம் மனம் திறந்து பேசியதை அதில் குறித்துவைத்திருக்கிறார்: கோட்பாடுகள் ரஷ்யாவுக்கு ஆயத்தம் செய்துவைத்திருக்கும் நிலையிலிருந்து இந்நாட்டை ஐம்பது ஆண்டுகள் தள்ளிப்போட முடிந்தால், என் கடமையைச் செய்தவனாக நிம்மதியாக இறப்பேன் என்றாராம் அமைச்சர்.

ஐரோப்பிய அறிவு வேண்டாம் என்று உவாரொவ் சொல்லவில்லை. அது வந்தே தீரும் என்று அறிந்திருந்தார். அந்த அறிவோடு சேர்ந்து வரும் அரசியல் விளைவுகள் மட்டும் ஐம்பது ஆண்டுகள் தாமதமாக வந்தால் போதும், அதற்குள் ரஷ்யா முதிர்ச்சி அடைந்துவிடும் என்பது அவருடைய கணக்கு. அதனால்தான் ஒரு கையால் தணிக்கையை இறுக்கியபடியே மறு கையால் அறிவுத்துறைகளை வளர்த்தார். பேராசிரியர்களின் ஊதியம் உயர்ந்தது. தகுதியான இளைஞர்கள் அரசுச் செலவில் ஜெர்மனிக்கு அனுப்பப்பட்டு, பெர்லின் வகுப்பறைகளில் பயின்று வந்து ரஷ்யாவில் கற்பித்தார்கள். 1839-இல் புல்கோவோ வானாய்வகம் திறக்கப்பட்டது. அவர் 1818 முதல் இறக்கும்வரை தலைவராக இருந்த அறிவியல் கழகம்தான், ப்யோட்லிங்கும் ரோட்டும் தொகுத்த மாபெரும் சமஸ்கிருத அகராதியை 1855-இல் வெளியிடத் தொடங்கியது. 1830-களின் நடுப்பகுதியில் சுமார் இரண்டாயிரமாக இருந்த பல்கலைக்கழக மாணவர் எண்ணிக்கை 1848-இல் சுமார் நான்காயிரமாயிற்று. உவாரொவைக் கல்வியின் எதிரி என்று மட்டும் எழுதுவோர் இந்தப் பக்கத்தை மறைத்துவிடுகிறார்கள். அது நேர்மையான வரலாறு ஆகாது.

ஆனால் அவருடைய கணக்கு தப்பானது. அறிவைத் தேடி அனுப்பப்பட்டவர்கள் கேள்விகளையும் கொண்டு வந்தார்கள். பெர்லினிலிருந்து 1839-இல் திரும்பிய வரலாற்றாசிரியர் கிரனோவ்ஸ்கி, மேற்கு ஐரோப்பிய இடைக்கால வரலாற்றைப் பற்றி 1843-இல் மாஸ்கோவில் பொது உரைகள் நிகழ்த்தியபோது மண்டபம் நிரம்பி வழிந்தது. ரஷ்யாவைப் பற்றி ஒரு சொல்லும் கூறாமலே, மேற்கு ஐரோப்பாவில் அடிமைத்தளை எப்படித் தளர்ந்தது என்று அவர் விவரித்ததைக் கேட்டவர்கள் தம் நாட்டைப் பற்றியே நினைத்தார்கள். அதற்கு முன்பே 1836-இல், உலக நாகரிகத்துக்கு ரஷ்யா எதையும் தரவில்லை என்று வருந்தும், சிந்தனையாளர் சாதாயெவின் ‘தத்துவக் கடிதம்’ ‘டெலஸ்கோப்’ இதழில் வெளிவந்தது. இதழ் மூடப்பட்டது, இதழாசிரியர் நதேஷ்தின் உள்நாட்டிலேயே தொலைதூர ஊருக்குத் தண்டனையாக அனுப்பப்பட்டார், அதை அனுமதித்த தணிக்கையாளர், மாஸ்கோ பல்கலைக்கழகத்தின் தலைவராகவும் இருந்தவர், பதவி இழந்தார். எழுதியவரையோ பேரரசர் பைத்தியம் என்று அறிவித்து, அவர் வீட்டுக்கு மருத்துவரை அனுப்பிவைக்க உத்தரவிட்டார். வாதத்துக்கு வாதத்தால் பதில் சொல்லும் ஆற்றலை ஓர் அரசு இழந்துவிட்டது என்பதற்கு அந்த உத்தரவே சாட்சி.

எல்லைப் பகுதிகளில் இந்த முரண் இன்னும் கூர்மையாக வெளிப்பட்டது. போலந்துக் கிளர்ச்சிக்குப் பின் 1832-இல் வில்னா (இன்றைய வில்னியஸ்) பல்கலைக்கழகம் மூடப்பட்டது. அப்பகுதி இளைஞர்களை ரஷ்ய உணர்வில் வளர்ப்பதற்காகவே 1834-இல் கீவ் நகரில் புனித விளாதிமிர் பல்கலைக்கழகம் திறக்கப்பட்டது. அதன் முதல் தலைவர் மக்சிமோவிச் உக்ரைனிய நாட்டுப்பாடல்களைத் தொகுத்தவர். மக்களின் தனித்தன்மையைப் போற்றுங்கள் என்று அமைச்சகம் சொன்னதை அங்கிருந்தவர்கள் மனமாரக் கேட்டுக்கொண்டார்கள். ஆனால் அவர்கள் கண்ட மக்கள் உக்ரைனியர்கள். 1847-இல் அந்நகரில் கிரில்–மெத்தோதியஸ் சகோதரத்துவம் என்ற ரகசிய அமைப்பு பிடிபட்டபோது, அப்பல்கலைக்கழகத்தின் வரலாற்று ஆசிரியர் கஸ்தமாரொவ் கைதானார். பண்ணையடிமையாகப் பிறந்த கவிஞர் ஷெவ்சென்கோவைச் சாதாரணப் படைவீரராக ஓரன்பர்க் பகுதிக்கு அனுப்பினார்கள். அவர் எழுதவோ ஓவியம் தீட்டவோ கூடாது என்று நிக்கலாயே தம் கைப்பட எழுதிச் சேர்த்தார். தேசியத் தன்மை என்ற கொள்கை உண்மையில் பல தேசங்கள் வாழும் பேரரசை இணைக்குமா பிளக்குமா என்பதை உவாரொவ் அப்போதுதான் உணர்ந்திருக்க வேண்டும். ஸ்லாவிய உணர்வு வேறு, ரஷ்ய உணர்வு வேறு என்று விளக்கி அவர் அந்த ஆண்டே கல்வி வட்டாரங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்ப நேர்ந்தது.

அமைச்சரின் வீழ்ச்சியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1845-இல் பேரரசரின் விருப்பப்படி அவர் கல்விக் கட்டணங்களை உயர்த்தினார்; இளைஞரின் கல்வி ஆசை அவரவர் சமூகநிலைக்கு இசைவாக இருக்க வேண்டும் என்பதே நோக்கம் என்று வெளிப்படையாக எழுதினார். 1846-இல் கோமான் பட்டம் பெற்று, தம் மூன்று சொற்களையே குலச் சின்னத்தில் பொறித்துக்கொண்டார். 1848-இல் ஐரோப்பாவெங்கும் புரட்சி பரவியதும் அரண்மனைக்கு உவாரொவே போதாதவராகத் தெரிந்தார். தணிக்கையையே கண்காணிக்கும் புத்தூர்லின் குழு அவருக்கு மேலாக அமைக்கப்பட்டது. 1849-இல் மருத்துவம் நீங்கலாக ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் சொந்தச் செலவில் படிப்போர் 300 பேருக்கு மேல் கூடாது என்று ஆணை வந்தது. பல்கலைக்கழகங்களை ஆதரித்து அவருடைய தூண்டுதலில் வெளிவந்த கட்டுரை பேரரசரின் சினத்தைக் கிளப்ப, அக்டோபரில் அவர் விலகினார். அடுத்து வந்த ஷிரின்ஸ்கி-ஷிக்மாத்தொவ் 1850-இல் பல்கலைக்கழகங்களில் தத்துவப் பாடத்தை நிறுத்தி, தர்க்கத்தையும் உளவியலையும் இறையியல் ஆசிரியர்களிடம் ஒப்படைத்தார். உவாரொவ் உயிராகக் கருதிய கிரேக்க மொழிகூடப் பெரும்பாலான ஜிம்னாசியங்களிலிருந்து நீக்கப்பட்டது.

வரலாற்றாசிரியர் செர்கேய் சலவ்யோவ் தம் நினைவுக் குறிப்புகளில் உவாரொவைக் கடுமையாகச் சாடியிருக்கிறார்: கிறிஸ்துவை நம்பாமலே சமயத்தையும், தாராளவாதியாக இருந்துகொண்டே எதேச்சாதிகாரத்தையும், ஒரு ரஷ்யப் புத்தகத்தைக்கூடப் படிக்காமலே தேசியத் தன்மையையும் முன்வைத்தவர் என்று. இந்தத் தீர்ப்பில் உண்மை இருக்கிறது. ஆனாலும் பாசாங்கு என்று மட்டும் சொல்லி முடித்துவிட்டால் சிக்கலின் ஆழம் தெரியாமல் போகும். பொறியாளரும் மருத்துவரும் அலுவலரும் இல்லாமல் ஒரு வல்லரசு நடக்காது; சிந்திக்கப் பழகாமல் அவர்கள் உருவாகவும் மாட்டார்கள். கற்றவனைப் பயன்படுத்த விரும்பி, அவனை நம்ப மறுத்த அரசு, எத்தனை திறமையான அமைச்சரை வைத்திருந்தாலும் இந்த இடத்தில் வந்து முட்டியே ஆக வேண்டும்.

கிரிமியப் போரின் தோல்விக்குப் பின் 1863-இல் பல்கலைக்கழகங்களுக்குத் தன்னாட்சி திரும்பியது. ஆனால் 1866-இல் கரகோசொவ் என்ற முன்னாள் மாணவர், நிக்கலாயின் மகனான பேரரசர் இரண்டாம் அலெக்சாந்தரைச் சுட முயன்றதும் அமைச்சராக வந்த திமீத்ரி தல்ஸ்தோய், 1871-இல் லத்தீன், கிரேக்க இலக்கணப் பாடங்களால் ஜிம்னாசிய நேரத்தை நிரப்பினார். ஒருகாலத்தில் ஆபத்தாகத் தெரிந்த கிரேக்கம் இப்போது இளைஞரை அரசியலிலிருந்து விலக்கிவைக்கும் மருந்தாகக் கருதப்பட்டது. 1884 சட்டம் தன்னாட்சியை மீண்டும் பறித்தது. 1887-இல் அமைச்சர் தெல்யானொவின் சுற்றறிக்கை, வண்டியோட்டிகள், ஏவலாளர்கள், சமையல்காரர்கள், சலவைப் பெண்கள் போன்றோரின் பிள்ளைகளை ஜிம்னாசியத்தில் சேர்க்காமல் தவிர்க்கச் சொன்னது. யூத மாணவர்க்கு அவர்கள் வாழ அனுமதிக்கப்பட்ட பகுதியில் நூற்றுக்குப் பத்து, வெளியே ஐந்து, பீட்டர்ஸ்பர்க், மாஸ்கோ ஆகிய இரு தலைநகரங்களில் மூன்று என்று வரம்பு வந்ததும் அதே ஆண்டுதான். அந்த 1887-இல் சிம்பீர்ஸ்க் ஜிம்னாசியத்தில் தங்கப் பதக்கத்துடன் தேறிய விளாதிமிர் உல்யானொவ், ஆண்டு முடிவதற்குள் ஆய்வாளருக்கு எதிரான மாணவர் போராட்டத்தில் கலந்துகொண்டதற்காகக் கசான் பல்கலைக்கழகத்திலிருந்து நீக்கப்பட்டார். பின்னாளில் லெனின் என்று அறியப்பட்டவர் அவர். அவருடைய தந்தை அரசுப் பள்ளிகளை விரிவாக்கப் பாடுபட்ட கல்வித்துறை அதிகாரி.

மக்கள் கல்வியில் இந்தக் கொள்கை விட்டுச்சென்ற நிலையை 1897-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு காட்டுகிறது: பேரரசு முழுவதிலும் எழுத்தறிந்தோர் நூற்றுக்கு 21 பேர், பெண்களில் 13 பேர். பல்கலைக்கழகங்களில் இழுபறி முடியாட்சியின் கடைசி ஆண்டுகள் வரை ஓயவில்லை. 1905 புரட்சியின் அழுத்தத்தில் கிடைத்த தன்னாட்சியை அமைச்சர் கஸ்ஸோ 1911-இல் மீறி, மாஸ்கோ பல்கலைக்கழக வளாகத்துக்குள் காவல்துறையின் தலையீட்டுக்கு வழிவிட்டு, அதன் தலைவரையும் நீக்கியபோது, ஒளியின் அழுத்தத்தை அளந்த இயற்பியலாளர் லெபெதெவ், புவிவேதியியலாளர் வெர்னாத்ஸ்கி, தாவரவியலாளர் திமிர்யாசெவ் உள்ளிட்ட நூற்றுக்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் பதவியைத் துறந்து வெளியேறினார்கள்.